முப்பத்தெட்டு வோல்ட்

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த அட்கின்சன் மைதானம்.
செப்டம்பர் கடைசி, விடிகாலை ஐந்தேகால்.
டிரெய்லரின் பக்க வளையத்தில் கட்டப் போனால்
காப்பர் பின்வாங்குகிறாள்.
பதினோரு வயது.
நெப்ராஸ்காவின் பாதி மைதானங்களில்
இதே வளையத்தில் கண் மூடி நின்றவள்.

திமிர் என்றேன்.
நேற்று மூன்றாவது பீப்பாயைத் தள்ளிவிட்டவள் நீ,
கோபம் எனக்கல்லவா வர வேண்டும்.

இந்த வண்டிக்குள் இரண்டு மின்சாரம் குடியிருக்கிறது.
ஒன்று பாட்டரியில் வருவது, பன்னிரண்டு வோல்ட்:
விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி.
சாது. ஆனால் கஞ்சம்.
உறைபனி இரவில் நாலு மணிக்கே கையை விரித்துவிடும்.
மற்றது மைதானத்துக் கம்பத்திலிருந்து
மஞ்சள் கேபிள் வழியே நாள் வாடகைக்கு வருவது,
நூற்றிருபது.
காபியும் ஏசியும் அதன் தயவு.
கட்டிலுக்கடியில் கன்வெர்ட்டர்
முணுமுணுத்துக்கொண்டே
பெரியதைச் சிறியதாக்கிப் பாட்டரிக்கு ஊட்டும்.

வாங்கிய வருடம் எனக்கு இது எதுவும் தெரியாது.
ட்ரக்கின் பானட்டைத் திறந்தால் கறுப்பு ஒயர் நெகட்டிவ்,
தொட்டால் சும்மா இருக்கும்.
அதே கறுப்பு, பிரேக்கர் பெட்டிக்குள்
உயிரோடு இருக்கும்.
இதை என் இடது கை
முழங்கை வரை படித்தது.

மறுபடி இழுத்தேன்.
ஈர மூக்கு அலுமினியத்தில் பட்டது.
தோள் முழுக்க ஒரு சிலிர்ப்பு, ஈயை உதறுகிற சிலிர்ப்பு.
இந்தக் குளிரில் ஈ ஏது?

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
குனிந்து காலைப் பார்த்தேன்:
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.
எனக்கும் மண்ணுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
அவளுக்கோ நாலு இரும்பு லாடம்,
நாலும் குட்டைத் தண்ணீரில்.

மீட்டரை எடுத்து வந்தேன்.
ஒரு முனை கதவின் போல்ட்டில்,
மறுமுனை ஸ்க்ரூடிரைவரில், ஸ்க்ரூடிரைவர் சேற்றில்.
எண்கள் தடுமாறி நின்றன.
முப்பத்தெட்டு.

என் வீட்டின் தோலெல்லாம்.
என் படிக்கட்டு, என் கைப்பிடி, என் பெயர்ப்பலகை.

முதலில் கம்பத்து பிரேக்கரை இறக்கினேன்.
பிறகுதான் கேபிளில் கை வைத்தேன்.

ஆர்லின் குசேரா அரைத்தூக்கத்தில் வந்து
கம்பத்துப் பெட்டியைத் திறந்தார்.
பச்சை ஒயர் திருகை விட்டு விலகி,
நுனியில் சுண்டெலி கட்டிய கூட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.
மண்ணுக்குப் போக வேண்டியது
வழி தெரியாமல் ஊரெல்லாம் நின்றிருக்கிறது.
என் வாட்டர் ஹீட்டரிலும் எங்கோ கசிவு.
குற்றம் பாதி கம்பத்துடையது, பாதி என்னுடையது.

"போன வாரம் ஆறு டிரெய்லர் நின்றது இதே கம்பத்தில்,
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

எத்தனை குதிரை சொல்லியிருக்கும்.

அவர் திருகை முறுக்கிக்கொண்டிருக்கையில்
பூட்ஸைக் கழற்றினேன், காலுறையையும்.
சேறு விரலிடுக்கில் பிதுங்கியது, பல் கிட்டித்தது.
கேபிள் இல்லாத டிரெய்லரில்
இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றேன்,
அவள் பார்க்கட்டும் என்று.

பார்த்தாள்.
வரவில்லை.
கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி நின்று
பச்சை வாளியை முகர்ந்தாள்.

ஆர்லின் திரும்பி என் வெறுங்காலைப் பார்த்து
எதையோ கேட்க வந்து, கேட்கவில்லை.

பதினொரு மணிக்குப் பதினேழே முக்கால் விநாடியில் ஓடினாள்.
காசு வராது அதற்கு.
இன்றிரவு பாட்டரிதான்:
ஒற்றை விளக்கு, இரண்டு கம்பளி, காபி கிடையாது.
சுவருக்கு அப்பால் அவள் லாயத்தில் புல் மெல்லும் சத்தம்.
உள்ளே ஏற்ற மட்டும்
நாற்பது நிமிடம் ஆனது.
அவசரப்படுத்தவில்லை.